முந்தானைக்குள் ஒரு சிரிப்பு

சிரிப்புக்குப் பட்டம் கொடுத்து மகிழ்ந்த ஜனங்கள் உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாராவது உண்டா என்பது சந்தேகந்தான். கே. ஆர். விஜயாவுக்குப் 'புன்னகை அரசி' என்று முடி சூட்டினோம். அரசி இருந்தால் இளவரசி வேண்டாமா? பல வருஷம் கழித்துச் சினேகாவைப் 'புன்னகை இளவரசி' ஆக்கினோம். சேர சோழ பாண்டிய வம்சங்கள் போனால் போகட்டும், புன்னகை வம்சமாவது அறுபடாமல் இருக்கட்டும் என்கிற நல்லெண்ணம்! கதாநாயகி அழும்போது கூடப் பல்வரிசை பளிச்சென்று தெரிய வேண்டும் நமக்கு. தெரியாவிட்டால் கொடுத்த காசு வீண் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வருவோம்.

இப்பேர்ப்பட்ட நாட்டில், சிரிப்பதற்கு முன்னால் முந்தானையைத் தேடுகிற பெண்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? தர்மபுரி ஜில்லாவின் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிப் பாருங்கள். கண் சிரிக்கும், தோள் குலுங்கும், வாய் மட்டும் சட்டென்று கைக்குப் பின்னாலோ முந்தானைக்குப் பின்னாலோ போய் ஒளிந்துகொள்ளும். நம்முடைய சினிமாக் கவிஞர் யாராவது அந்தப் பக்கம் போனால், "ஆகா, என்ன நாணம்! என்ன அடக்கம்!" என்று அங்கேயே ஒரு பல்லவியைக் கட்டிவிடுவார்.

நாணமும் இல்லை, அடக்கமும் இல்லை, அம்மணி. தண்ணீர்!

என் சின்ன அத்தை பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்து வளர்ந்தது சேலம் டவுனில். அத்தைக்குப் பல் முல்லை மொட்டு. அவள் பெற்ற 3 பெண்களுக்கும் பல் பழுப்பு. ஆங்காங்கே சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைத் திட்டு வேறு. மாமியார்க்காரி விட்டுவிடுவாளா? "உங்கம்மா பல்லு வெளக்கச் சொல்லித் தரலை" என்று பேத்திகளிடம் கோள் மூட்டினாள். அத்தை வேப்பங்குச்சி கொடுத்துப் பார்த்தாள். சாம்பல் கொடுத்துப் பார்த்தாள். டவுனிலிருந்து விலை உயர்ந்த பற்பசை வரவழைத்துத் தேய்க்கச் சொன்னாள். ஈறு தேய்ந்ததே தவிரப் பழுப்பு தேயவில்லை.

மூத்தவளைப் பெண் பார்க்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன். காபித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தவள் குனிந்தவள்தான். பேரைக் கேட்டார்கள், உதடு பிரியாமல் ஏதோ சொன்னாள். படிப்பைக் கேட்டார்கள், தலையை ஆட்டினாள். பிள்ளையின் தாயாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பொண்ணு பேசுமில்லீங்க?" என்றாள்.

"பேசும்ங்க. சிரிக்கத்தான் கொஞ்சம் யோசிக்கும்" என்றாள் அத்தை.

அந்த அம்மாளும் அதே ஜில்லாக்காரி. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பிள்ளையும் அதுவரையில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான் என்பதை அப்புறந்தான் கவனித்தேன். கல்யாணம் நடந்தது. போட்டோக்காரர் "ஸ்மைல் ப்ளீஸ்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இந்தப் பழுப்புக்குக் காரணம் சோம்பலும் அல்ல, வெற்றிலை பாக்கும் அல்ல. ஃப்ளோரைடு என்கிற உப்பு. தர்மபுரி ஜில்லாவின் பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் கெட்டிப் பாறை. அந்தப் பாறைகள் சிலவற்றில் இந்தச் சரக்கு கலந்திருக்கிறது. பாறை இடுக்கில் தங்குகிற தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. மழை குறையக் குறையக் கிணறு வற்றுகிறது. கிணறு வற்றினால் போர் போடுகிறோம். ஒரு போர் வற்றினால் இன்னும் ஆழமாக இன்னொன்று. ஆழத்துத் தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் குடித்தனம் பண்ணியது. அதில் பெரும்பாலும் ஃப்ளோரைடும் அதிகம். குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையில் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் தேசத்துக் கணக்கு. தர்மபுரியில் இந்தக் கோட்டைத் தாண்டிய போர்கள் ஏராளம்.

அத்தையின் பல் மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். பல்லின் மேல்பூச்சு உருவாவது குழந்தைப் பருவத்தில், சுமார் 8 வயது வரையில். அந்த வருஷங்களில் உள்ளே போன ஃப்ளோரைடு பூச்சையே பழுதாக்கிவிடுகிறது. அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. அது மேலே படிந்த கறை இல்லை, உள்ளே நெய்த கறை. பல்லெல்லாம் முளைத்த பிறகு ஊருக்கு வருகிறவர்களின் பல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவில் கொலராடோ என்கிற பிரதேசத்தில் மக்கே என்கிற பல் டாக்டர் 1901-ல் இதே பழுப்பைப் பார்த்துவிட்டு, தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டார். அது ஃப்ளோரைடுதான் என்று கண்டுபிடிக்க 1931 ஆகிவிட்டது. அது வரையில் அந்த ஊர்த் தாய்மார்களையும் மாமியார்கள் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்!

பல்லோடு போனால் போகட்டும் என்று விடுவதற்கும் இல்லை. அளவு மிஞ்சினால், வருஷக்கணக்கில் குடித்தால், எலும்பையும் பிடிக்கும். மூட்டு விறைக்கும், முதுகு வளையும். இதற்குப் பல் முளைத்த பிறகு வந்தவர்கள் என்கிற சலுகை கிடையாது. இந்தியாவில் இந்த வியாதி வெளிச்சத்துக்கு வந்தது அன்றைய சென்னை ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவில். முதலில் நொண்டியவை உழவு மாடுகள். மனிதர்களுக்கும் இதே வியாதி என்று டாக்டர்கள் 1937-ல் எழுதி வைத்தார்கள். மாடு சொல்லி மனிதன் தெரிந்துகொண்ட விஷயம் இது.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூரை ஆண்ட அதியமான், ஔவையாருக்கு ஆயுளை வளர்க்கும் நெல்லிக்கனி கொடுத்த கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். நெல்லிக்காயைத் தின்றுவிட்டு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் தித்திக்கும், இல்லையா? பாட்டி தகடூர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லாததற்கு அதுதான் காரணமோ என்னவோ! வேடிக்கை இருக்கட்டும். ஃப்ளோரைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நாக்கு கண்டுபிடிக்கிற சங்கதியும் இல்லை. குடத்துத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். குழந்தையின் பல் சொன்னால்தான் தெரியும். அது சொல்லுகிறபோது காலம் கடந்திருக்கும்.

அப்படியானால் அந்த ஜில்லாவில் வேறு தண்ணீரே இல்லையா? ஏன் இல்லை! காவிரியே இருக்கிறாள். பென்னாகரம் தாலுகாவில்தான் ஒகேனக்கல் இருக்கிறது. புகையும் பாறை என்று கன்னடத்தில் அர்த்தம். அத்தனை சாரல், அத்தனை ஆரவாரம். அருவிக் குளியல், எண்ணெய் மஸாஜ், பரிசல் சவாரி, வறுத்த மீன் என்று ஊரெல்லாம் போய் அனுபவித்துவிட்டு வருகிறோம். சினிமாக்காரர்களுக்கு ஒகேனக்கல் தாய்வீடு மாதிரி. 1992-ல் வந்த 'ரோஜா'வின் பாட்டுக் காட்சியில் மதுபாலா துள்ளி ஆடியது இந்த அருவிக்கு முன்னால்தான். அந்தப் பாட்டு கேட்காத வீடு கிடையாது. அருவித் தண்ணீர் வெள்ளித்திரையில் கொட்டியது. அங்கிருந்து கூப்பிடு தூரத்துக் கிராமங்களில் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போர் பம்புக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். சினிமாவுக்கு 1992-லேயே கிடைத்த அருவி, அவர்கள் குழாய்க்கு வர இன்னும் 21 வருஷம் பிடித்தது.

ஏன் அவ்வளவு காலம்? இங்கேதான் நமது தலைவர்களும் திலகங்களும் மேடைக்கு வருகிறார்கள். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

1998-ல் மத்திய சர்க்காரின் முன்னிலையில் இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேசின. பெங்களூரின் குடிநீருக்கு அவர்கள் காவிரியில் எடுப்பதை நாம் ஆட்சேபிப்பதில்லை. ஒகேனக்கல்லில் வருஷத்துக்கு 1.4 டி.எம்.சி. நாம் எடுப்பதை அவர்கள் ஆட்சேபிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் குழாயடியில் பேசித் தீர்த்துக்கொள்கிற மாதிரி எவ்வளவு நியாயமான ஏற்பாடு! பத்து வருஷம் காகிதத்தில் கிடந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுக்கு ஏற்பாடாயிற்று. 2008 பிப்ரவரியில் முதலமைச்சர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். உடனே பற்றிக்கொண்டது. எல்லையில் பஸ் நின்றது. பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய கொட்டகைகளில் கல் விழுந்தது. கர்நாடகத்தில் அப்போது ஜனாதிபதி ஆட்சி. மே மாதம் தேர்தல். தேர்தல் நெருங்கினால் காவிரியில் வெள்ளம் வருகிறதோ இல்லையோ, பேச்சில் வெள்ளம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பதிலுக்கு நம் சினிமா நட்சத்திரங்கள் 2008 ஏப்ரல் 4-ஆம் தேதி சென்னைச் சேப்பாக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடடா, என்ன கூட்டம்! என்ன கர்ஜனை! சில வசனங்கள் படத்தில் பேசியதை விடப் பலமாக இருந்தன. ரஜினிகாந்தும் வந்தார், ஆவேசமாகப் பேசினார். நாடு முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தது. மறுநாளே முதலமைச்சர், கர்நாடகத்தில் தேர்தல் முடிந்து புது மந்திரிசபை வரும் வரையில் திட்டத்தைப் பொறுத்து வைக்கிறோம் என்று அறிவித்தார். உண்ணாவிரதம் இருந்தவர்கள் சாப்பிட்ட சாப்பாடு ஜீரணமாவதற்குள் திட்டம் உண்ணாவிரதம் இருக்க ஆரம்பித்துவிட்டது!

அத்தோடு முடிந்ததா? அந்த வருஷம் ஆகஸ்டு 1-ஆம் தேதி 'குசேலன்' வெளியாக வேண்டும். கர்நாடகத்தில் ஓட விடமாட்டோம் என்றார்கள் சிலர். ரஜினி கன்னட மக்களிடம் படத்தைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது மன்னிப்பா, வருத்தமா, வேண்டுகோளா என்று இங்கே ஒரு பட்டிமன்றமே நடந்தது. டீக்கடையில், ரயிலில், கல்யாணப் பந்தியில் எல்லாம் அதே வழக்கு. இத்தனைக்கும் ரஜினியின் முன்னோர் ஊர் என்று சொல்லப்படும் நாச்சிக்குப்பம் இருப்பது கிருஷ்ணகிரி ஜில்லாவில். 2004 வரையில் அதுவும் தர்மபுரியோடு சேர்ந்ததுதான். அந்தத் தண்ணீர் போக வேண்டிய சீமைதான் அதுவும்!

அவருக்கு எது கௌரவம், நமக்கு எது மானம் என்றெல்லாம் அளந்து பார்த்த அந்த ஆறு மாதத்தில், 'ஃப்ளோரைடு' என்கிற வார்த்தையை எத்தனை பேர் உச்சரித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? திட்டத்தின் முழுப் பெயரே 'ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம்'. பெயரின் பின்பாதி பல்லில் மாட்டிக்கொள்கிறது என்று எல்லோரும் முன்பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆறு யாருடையது என்று சண்டை போட ஆயிரம் பேர் இருந்தார்கள். பல் யாருடையது என்று கேட்க ஆள் இல்லை. இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2006-ல், பேரரசு இயக்கத்தில் விஜயகாந்த் நடித்து 'தர்மபுரி' என்று ஒரு படமே வந்தது. திருப்பாச்சி, சிவகாசி, திருப்பதி வரிசையில் தர்மபுரிக்கும் ஒரு யோகம்! ஊரின் பெயர் போஸ்டரில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள், முடிந்திருந்தால்.

ஒரு வழியாகத் திட்டம் மறுபடி நடந்தது. 2013 மே மாதம் முதலமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கி வைத்தார். ஒருவர் கல் நட்டார், ஒருவர் திறந்து வைத்தார். இருவரின் கட்சிக்காரர்களும் இன்றைக்கும் மேடை கிடைத்தால் 'எங்கள் தண்ணீர்' என்கிறார்கள். காவிரித் தண்ணீருக்குக் கட்சி தெரியாது. குழாயைத் திறந்தால் வரும், திறக்காவிட்டால் வராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான சிற்றூர்களுக்கும் குழாய் போயிற்று. இதைச் செய்தவர்கள் யாராயிருந்தாலும் புண்ணியவான்கள். 2021-ல் இரண்டாவது கட்டத்துக்கும் அறிவிப்பு வந்தது.

தண்ணீர் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். மீதி விஷயம் சமையலறையில் இருக்கிறது.

குழாய்த் தண்ணீர் எல்லா ஊருக்கும் தினமும் வருவதில்லை. சில இடங்களில் மேல்தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்துக் கலந்து விடுகிறார்கள் என்கிற புகார் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. வீட்டிலும் நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். குடிக்க மட்டும் 'ஒகேனக்கல்'. சமைக்க, டீ போடப் 'போர்'. கேழ்வரகுக் களி கிண்டுகிறவர்களுக்குத் தெரியும், மாவு எவ்வளவு தண்ணீரை இழுக்கும் என்று. சோறும் அப்படித்தான். சட்டியில் ஊற்றிய ஃப்ளோரைடு ஆவியாய்ப் போகாது. களியோடு களியாய் உருண்டு குழந்தையின் தட்டுக்கு வரும். 'நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டிப்படும். சாதாரண மெழுகுவத்தி ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. மிஷின் பிரித்தெடுக்கும், ஆனால் அதை வாங்கி மாட்டுகிற வசதி எத்தனை வீட்டுக்கு?

ஆகவே நல்ல தண்ணீர் ஒரே குடம்தான் கிடைக்கிறது என்றால், அதில் முதல் உரிமை யாருக்கு? நம் வீட்டு வழக்கப்படி முதல் டம்ளர் வீட்டு எஜமானருக்கு, அடுத்தது விருந்தாளிக்கு, மிச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கு. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டுங்கள். எஜமானரின் பல் முளைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அதற்கு இனிமேல் கறை பிடிக்காது. 8 வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத்தான் ஒவ்வொரு டம்ளரும் கணக்கு. அவர் முகம் சுளித்தால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் காபி டம்ளருக்கு அடியில் வையுங்கள். அதே களியில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. நல்ல தண்ணீரில் கிண்டினால் கேழ்வரகைப் போலக் குழந்தைக்கு உதவுகிற தானியம் வேறு இல்லை.

இன்னொரு காரியமும் இருக்கிறது. 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் விதிப்படி, ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லித் தர வேண்டும். அதற்கான சிறு பெட்டியும் கொடுக்க வேண்டும். ஃப்ளோரைடு பார்ப்பதும் அதில் அடக்கம். உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார், பெட்டி எந்த பீரோவில் பூட்டிக் கிடக்கிறது என்று விசாரியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் ஜில்லாக்களில் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. மாமியாரும் மருமகளும் யாருடைய வேப்பங்குச்சி சரியில்லை என்று 20 வருஷம் சண்டை போட்டதற்குப் பதில், ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஜோடியாக ஒரு நாள் பஸ் ஏறலாம்.

தேர்தல் எப்போது வந்தாலும் வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரத்தான் போகிறார். ஆரத்தி எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. காவிரி யாருடையது, அணை யாருடையது, உண்ணாவிரதத்தில் யார் எப்படிப் பேசினார் என்பதையெல்லாம் அவர் நீங்கள் கேட்காமலே சொல்லுவார். நீங்கள் ஒரே ஓர் எண்ணை மட்டும் கேளுங்கள்: "எங்கள் தெருக் குழாயில் ஃப்ளோரைடு எத்தனைங்க?"

1-க்கு உள்ளே என்று காகிதத்தைக் காட்டிச் சொன்னால் மகராசனாக இருக்கட்டும், தாராளமாக ஓட்டுப் போடுங்கள். திருதிருவென்று விழித்தால் சிரியுங்கள். முந்தானையைக் கீழே விட்டுவிட்டு, பழுப்பு நன்றாகத் தெரியும்படியே சிரியுங்கள். அவர் பார்க்க வேண்டிய காகிதம் அதுதான்.